30 புள்ளிகளுக்கு அப்பால் ஒரு வினா

உயர்தர மாணவர்கள் அதிகம் அலட்சியம் செய்யும் வினாத்தாள் பொதுச் சாதாரண பரீட்சைதான். பல்கலைக்கழக அனுமதிக்கு அதில் 30 புள்ளிகள் போதும். இசட் புள்ளிக்கு அது சேர்வதில்லை. "பாஸ் பண்ணினால் சரிதானே சேர்" என்கிறார்கள். ஆனால் அதிலுள்ள தர்க்க வினாக்கள் பரீட்சை மண்டபத்துக்கு வெளியேயும் தேவைப்படுபவை.

அந்த வகையில் நான் வகுப்பில் கொடுக்கும் பயிற்சி வினா ஒன்று:

"இக்கிணற்று நீர் பாதுகாப்பானது என எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. ஆகவே இந்நீர் பாதுகாப்பற்றது." இவ்வாதத்தின் குறை யாது?

(1) கிணறு இருக்கும் இடம் கூறப்படவில்லை.
(2) ஒன்று நிரூபிக்கப்படாததை, அதற்கு எதிரானது உண்மை என்பதற்கு ஆதாரமாகக் கொள்கிறது.
(3) ஒரு கிணற்றை வைத்து எல்லாக் கிணறுகளையும் தீர்மானிக்கிறது.

வாதம் ஒரு கிணற்றைப் பற்றி மட்டுமே பேசுவதால் மூன்றாவது பொருந்தாது. இடம் தெரிந்தாலும் வாதத்தின் ஓட்டை அடைபடாது என்பதால் முதலாவதும் தவறு. விடை இரண்டு.

"அப்ப அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்பதுண்டு. அப்படி முடிவெடுப்பதும் அதே தவறுதான். பரிசோதிக்கும் வரை குடிக்காமலிருப்பது புத்திசாலித்தனம். பரிசோதிக்காமலே நஞ்சு என்று தீர்ப்பளிப்பது வேறு.

இந்த வேறுபாடு மறக்கப்பட்டதன் விலையை நாம் அறிவோம். 2020 ஏப்ரலில் கொவிட் மரணங்களுக்குத் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கினால் நிலத்தடி நீர் மாசடையலாம் என்றார்கள். மாசடையாது என்பதற்கு உறுதியில்லை என்பதே வாதத்தின் அடித்தளம். முன்னெச்சரிக்கைதானே என்று கேட்கலாம். முன்னெச்சரிக்கை ஆதாரத்துக்கேற்ப மாற வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே அடக்கம், தகனம் இரண்டுக்கும் இடமளித்திருந்தது. இருந்தும் பிறந்து 20 நாட்களேயான சிசு உட்பட நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில்தான் வர்த்தமானி மாறியது; மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அமைச்சரவை மன்னிப்புக் கோர 2024 ஜூலை வரை சென்றது.

இதே அளவுகோலால் நம்மையும் அளக்க வேண்டும். "யாரும் மறுக்கவில்லையே, அப்ப உண்மைதான்" என்று நாம் வாட்ஸ்அப்பில் பகிரும் தகவல்களிலும் இருப்பது இதே ஓட்டைதான்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வாரத்துக்கு ஒரு பாடவேளையில் இத்தகைய ஒரு வினாவையேனும் எடுங்கள். சரியான விடையைக் குறித்ததும் விட்டுவிடாமல், மற்ற விடைகள் ஏன் பிழை என்பதையும் பிள்ளைகளின் வாயாலேயே சொல்ல வையுங்கள்.