டம்மி போடுகிறவர்களின் நியாயங்கள்

சி.ஏ. இன்டர் ரிசல்ட் வந்ததும் பையனுக்கும் பெண்ணுக்கும் உறவினர் வழங்கும் யோசனை ஒன்று உண்டு. "தெரிஞ்ச ஆடிட்டர்கிட்ட பேருக்குப் பதிஞ்சு வெச்சுக்கோ. ஆபீஸ் ஆபீஸா அலையாம வீட்ல உக்காந்து ஃபைனலுக்குப் படி." சி.ஏ. ஆக ஆடிட்டரிடம் பெற வேண்டிய கட்டாயப் பயிற்சிக்குப் பெயர் ஆர்ட்டிகிள்ஷிப்; அதைப் பேருக்கு மட்டும் போட்டால் டம்மி ஆர்ட்டிகிள்ஷிப். சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டில் பதிவு இருக்கும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டார். இது விதிமீறல் என்று சொன்னால் யாரும் அசருவதில்லை. ஆளாளுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்ப்போம்.

முதல் நியாயம்: "போனாலும் வவுச்சரில் டிக் அடிக்கத்தான் விடுவார்கள். அது குமாஸ்தா வேலை."

முதல் சில மாதங்கள் டிக் அடிக்கத்தான் விடுவார்கள். ஆனால் அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நபருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் பொதுவாக அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். இப்போது மூன்று கூலி வவுச்சர்கள். மூன்றிலும் 9,800 ரூபாய். அடுத்தடுத்த நாள் தேதி, மூன்று வேறு பெயர்கள், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து மட்டும் ஒரே சாய்வில், ஒரே பேனாவில். இதைப் பார்த்ததும் டிக் அடிக்கிற கை நிற்க வேண்டும். எந்தக் கைடும் அந்தக் கையைத் தயார் செய்யாது. ஆயிரம் ஒழுங்கான வவுச்சரைப் பார்த்து அலுத்த கண்ணுக்குத்தான் ஒழுங்கில்லாதது உறுத்தும்.

சில்லறை வேலை என்று ஒதுக்கும் இன்னொன்று, வங்கிக்குக் கடிதம் போட்டு இருப்பை உறுதிப்படுத்துவது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். தணிக்கை செய்தவை பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள். 2011-இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அவற்றுக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆணையம் கண்ட குறைகளில் முக்கியமானது, வங்கிகளிடம் உறுதிக் கடிதம் கேட்டுப் பெறும் பொறுப்பைத் தணிக்கையாளர்கள் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டது. கடிதத்தை ஆடிட்டரே அனுப்ப வேண்டும், பதில் நேராக ஆடிட்டருக்கே வர வேண்டும் என்பது தணிக்கையின் அரிச்சுவடி. பெரும்பாலான அலுவலகங்களில் இதைச் செய்வது பயிற்சியில் இருக்கும் ஆர்ட்டிகிள்தான். குமாஸ்தா வேலையாம்!

இரண்டாவது நியாயம்: "ஃபைனல் பாஸானால் போதும், மற்றதெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம்."

படிக்க நேரமில்லை என்ற புலம்பலுக்கு இன்ஸ்டிட்யூட் ஏற்கெனவே செவிசாய்த்துவிட்டது. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் மூன்று வருடப் பயிற்சி இரண்டு வருடமானது. பயிற்சி முடிந்து ஃபைனல் எழுதுவதற்குள் ஆறு மாதம் படிப்புக்கென்றே இருக்கிறது. இதற்கு மேலும் நேரம் வேண்டும் என்பவர்கள் இரண்டு வருடத்தைப் பூஜ்யமாக்கச் சொல்கிறார்கள்.

"பிறகு கற்றுக்கொள்ளலாம்" என்பதில்தான் கோளாறு. தொண்ணூறு நாளுக்கு மேல் தவணை பாக்கி இருந்தால் வாராக்கடன் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடலாம். ஏப்ரல் முதல் வாரம் வங்கிக் கிளை ஆடிட்டுக்குப் போய் உட்கார்ந்தால், ஒரு கடன் கணக்கில் மார்ச் 29 அன்று பாக்கி முழுவதும் வரவாகியிருக்கும். ஏப்ரல் 2 அன்று ஏறக்குறைய அதே தொகை வேறு கணக்கு வழியாக வெளியே போயிருக்கும். மேனேஜர் காபி வரவழைத்து, "ரொம்ப நல்ல பார்ட்டி தம்பி, இருபது வருஷ கஸ்டமர்" என்பார். மறுத்துப் பேசவும் வேண்டும், மரியாதை கெடவும் கூடாது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஆவணத்தை வாங்காமல் எழுந்திருக்கவும் கூடாது. இதை இருபத்தொரு வயதில், பக்கத்தில் சீனியர் இருக்கும்போது பழகாதவர், இருபத்துநான்கு வயதில் தன் கையெழுத்தையே பணயம் வைத்துப் பழக வேண்டியிருக்கும்.

மூன்றாவது நியாயம்: பயிற்சிக் காலத்தில் தரும் ஸ்டைபண்ட் போதாது என்பது. இதில் எனக்கு மறுப்பில்லை. புதிய திட்டத்தில் இரட்டிப்பாக்கிய பிறகும், இன்ஸ்டிட்யூட் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை சென்னையில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போதாது. ஆர்ட்டிகிளை வீட்டு வேலைக்கு அனுப்பும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வெளியேறி வேறு இடத்தில் சேருவதும் சுலபமில்லை. இரண்டுக்காகவும் சண்டை போட வேண்டும். ஆனால் டம்மி போட்டால் எது சரியாகிறது? ஆடிட்டர் ஸ்டைபண்டை பேங்கில் போட்டுக் கையில் திருப்பி வாங்கிக்கொள்ளும் கூத்துதான் நடக்கிறது. ஒன்று கவனியுங்கள்: டம்மி போட 'தெரிஞ்ச ஆடிட்டர்' வேண்டும். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து குடும்பத்தில் முதல் ஆளாக சி.ஏ. படிக்க வரும் பெண்ணுக்கு அப்படி ஒரு மாமா கிடையாது. அவள் பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்து இரண்டு வருடம் உழைத்து வாங்கும் அதே சான்றிதழைத்தான் டம்மி போட்டவரும் வாங்குகிறார். ஏழை மாணவருக்காகப் பேசுவதாகச் சொல்லும் இந்த நியாயம், கடைசியில் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் உதவுகிறது.

நான்காவது, புதிதாகக் கிளம்பியிருக்கும் நியாயம்: "எல்லாவற்றையும் இனி சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும்."

சப்ளையர்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியலான ஜி.எஸ்.டி. 2பி-யையும் கொள்முதல் பதிவேட்டையும் சாஃப்ட்வேர் சில நிமிடத்தில் ஒப்பிட்டுவிடும், உண்மைதான். பொருந்தாத பில்களின் பட்டியலையும் கொடுக்கும். அதற்குப் பிறகு சப்ளையருக்குப் போன் போட்டு, "நீங்கள் ரிட்டர்னில் காட்டவில்லையா, இல்லை சரக்கே வரவில்லையா?" என்று கேட்பது யார்? 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும் என்பது சட்டம். எந்த என்ட்ரி எப்போது மாற்றப்பட்டது என்று அது சொல்லும். ஏன் மாற்றினார்கள் என்பதை அக்கவுண்டன்டின் முகத்துக்கு நேரே உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். திருப்பூர் குடோனில் துணி ரோல்களை எண்ணுவதும் அப்படித்தான். அடியில் இருப்பது நல்ல சரக்கா, நாள்பட்ட கழிவா என்று ரோலை உருட்டிப் பார்க்க ஆள் போயாக வேண்டும்.

இப்படி நேரில் பயிற்சி பெறுவது நம் ஊரின் பழைய சம்பிரதாயம் மட்டுமே என்பதும் சரியல்ல. இங்கிலாந்தின் கணக்காளர் அமைப்பான ஐ.சி.ஏ.இ.டபிள்யூ. 450 நாள் பணி அனுபவம் கேட்கிறது. இன்னொரு கணக்காளர் அமைப்பான ஏ.சி.சி.ஏ. 36 மாதம் கேட்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை ஆடிட்டர் ஆபீசில் சேர்க்கப் போகும்போது லீவு எத்தனை நாள் என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கிளையன்ட் இடத்துக்கு நேரில் அனுப்புவீர்களா, பிள்ளை எழுதும் வொர்க்கிங் பேப்பரைப் படித்துத் திருத்தப்போவது யார்? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு ஆபீஸ் தேடுங்கள். ஊரில் ஆடிட்டர்களுக்குப் பஞ்சமில்லை.