கறளும் களைப்பும்

1967 ஆம் ஆண்டு டிசம்பர் 15 ஆம் திகதி மாலை, அமெரிக்காவில் ஒகையோ நதியின் மேல் நின்ற வெள்ளிப் பாலம் திடீரெனச் சரிந்தது. 46 பேர் மாண்டனர். 1928 இல் எழுந்த அப்பாலத்தை வீழ்த்தியது புயலுமன்று, வெள்ளமுமன்று. ஓர் உருக்குச் சட்டத்தின் மூட்டினுள், எவர் பார்வைக்கும் எட்டாத இடத்தில், ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் ஆழத்திற்கு வளர்ந்திருந்த ஒரு வெடிப்பேயாம்.

வேலிக் கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது. வளைத்து நிமிர்த்திக்கொண்டேயிருந்தால் முறியும் என்பதைக் கமக்காரர் அறிவர். பாலத்து உருக்கு விட்டமும் அத்தகையதே. நெல் மூடை ஏற்றிய லொறியொன்று கடக்கும்போதெல்லாம் விட்டத்தின் அடிப்பாகம் இழுபட்டுத் தளர்கின்றது. இதனால் விளைவதே உலோகக் களைப்பு. ஆயினும் கறளற்ற உருக்கிற்கு ஓர் எல்லை உண்டு. இழுவிசை அதற்குள் அடங்கின், கோடி முறை இழுபட்டாலும் அது முறிவதில்லை. உப்பீரத்தில் கறளேறும் உருக்கிற்கோ அந்த எல்லையே இல்லாதொழிகின்றது.

கறள் உலோகத்தை மெலியச் செய்வதோடு நில்லாது, அதன் மேனியிற் சிறு குழிகளையும் தோண்டுகின்றது. குழியின் அடியில் விசை குவிகின்றது. அங்கே வெடிப்புப் பிறக்கின்றது. உட்புகும் ஈரம் அதனை விரைந்து வளர்க்கின்றது. ஆகவே, தகட்டில் பத்திலொரு பங்குதானே தேய்ந்தது, பலமும் பத்திலொரு பங்குதானே குறையும் எனக் கணக்கிடுவது பெருந்தவறாகும்.

கடலும் வாவியும் சூழ்ந்த எம் நிலத்திற்கு இது அயலார் கதையன்று. மட்டக்களப்பு வாவியின் மேல் 1924 இல் அமைந்த கல்லடி இரும்புப் பாலத்தின் அருகில் 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. திறப்பு விழாக்களுக்கு மாலையும் மேளமும் குறைவதில்லை. கறள் சுரண்டிப் பூச்சிடும் தொழிலாளிக்கு விழா எடுப்பார் யார்? பாலத்தின் ஆயுளை நீட்டுபவன் அவனன்றோ!

46 உயிர்களைப் பறிகொடுத்த பின்னரே அமெரிக்கா 1968 இல் சட்டமியற்றி, 1971 இல் பாலப் பரிசோதனை விதிகளை வகுத்தது. நாமும் அத்தகைய விலை கொடுத்துத்தான் பாடம் கற்க வேண்டுமா? வாவியையும் கழியையும் கடக்கும் ஒவ்வோர் உருக்குப் பாலத்திலும் நீர்வழிகள் துப்புரவாக்கப்பட வேண்டும். விட்டங்களின் அடிப்பாகமும் மூட்டுகளும் குறித்த காலந்தோறும் பொறியியலாளரால் ஆராயப்பட வேண்டும். அவர்தம் அறிக்கை அலமாரியில் உறங்காது மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பராமரிப்புக்கென ஒதுக்கும் பணம் வேறு தேவைக்குத் திருப்பப்படலாகாது.

கறள் கட்சி பார்ப்பதில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டம் வரும்வரை காத்திருப்பதுமில்லை. பொறுப்பிலுள்ளோர் இதனை உணர்வார்களாக.