கேபிள் போன வீடுகள்

ஆசிரியருக்கு,

கேபிள் இணைப்பைத் துண்டித்தால் தொலைக்காட்சி பார்ப்பது குறையும் என்ற சென்ற இதழ்க் கட்டுரையின் கருத்து பாதியளவே ஏற்கத்தக்கது. பார்க்கும் நேரம் அப்படியே இருக்க, சேர்ந்து பார்க்கும் வழக்கமே அருகுகிறது. இரவுத் தொடருக்காக எட்டரை மணிக்கே அடுப்படி வேலை முடிந்துவிடும் இவ்வாசகரின் வீட்டில், ஓடிடி எனப்படும் இணையவழித் தளங்கள் வந்தபின், மாமியார் விட்டுப்போன பகுதியை மறுநாள் மதியம் கைப்பேசியில் பார்க்க, மருமகள் நள்ளிரவில் நான்கைந்து பகுதிகளை ஒரே மூச்சில் முடிப்பதால், விளம்பர இடைவேளையில் நடந்த கதை விமரிசனமும் (பாதி ஊர்வம்புதான்) நின்றுபோனது. சந்தாக்களைக் கூட்டினால் பழைய கேபிள் கட்டணத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆகவே, 2004இல் தூர்தர்ஷன் தொடங்கிய, மாதக் கட்டணமில்லாத செயற்கைக்கோள் ஒளிபரப்புச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் குறித்து, செட்டாப் பாக்ஸ் விலை, கிடைக்கும் தமிழ் அலைவரிசைகள் ஆகிய விவரங்களுடன் ஒரு கட்டுரை வெளியிடுவது பயன்தரும்.

வாசகர், மதுரை