பேக்கிங் மாற்றும் முன் அளந்து பாருங்கள்

பழைய டீசல் பேருந்து ஒன்று ‘புகை லீக்’ என்ற புகாருடன் வந்தால் பெரும்பாலான பணிமனைகளில் நடப்பது இதுதான்: மேனிஃபோல்டைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டிவிட்டு, புதியதை வைத்து, நட்டை இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். சில வாரங்களில் அதே வண்டி அதே புகாருடன் திரும்பி வருகிறது. பேக்கிங் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். அடுத்த முறை இரண்டு பேக்கிங்கை அடுக்கி, நடுவில் சிலிக்கான் பேஸ்ட்டும் தடவுகிறோம். திரும்பத் திரும்ப எரியும் பேக்கிங் பழுதுக்குக் காரணம் அல்ல, பழுதின் விளைவு என்பதே நமது வாதம். காரணத்தைக் காட்ட ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஒரு ஃபீலர் கேஜும் போதும். இரண்டும் பெரும்பாலும் டூல் பெட்டியின் அடியில்தான் கிடக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் நீள வார்ப்பிரும்பு 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். ஆறு சிலிண்டர் என்ஜினின் மேனிஃபோல்டு 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பாரத்துடன் மேடேறும்போது அது 400 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீள வேண்டும். அதைப் பிடித்திருக்கும் ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுகிறது; 90 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுவதால் அது நீள்வது அரை மில்லிமீட்டர்தான். மிச்சம் மூன்று மில்லிமீட்டர் இரண்டு கோடிகளிலும் போய்த்தான் தீர வேண்டும். லீக் பெரும்பாலும் 1-ஆம், 6-ஆம் போர்ட்டுகளில் தொடங்குவதும், ஸ்டட் அங்கேயே முறிவதும் இதனால்தான். மேனிஃபோல்டின் துளைகளை ஸ்டட்டைவிடப் பெரிதாக விட்டிருப்பதும், சில என்ஜின்களில் மேனிஃபோல்டையே இரண்டு மூன்று துண்டுகளாக்கி இடையில் வளையம் போட்டிருப்பதும் இந்த நகர்வுக்கு இடம் கொடுக்கத்தான். அந்த வளையம் கரி பிடித்து இறுகிவிட்டாலோ, கோடி நட்டை நாம் அளவுக்கு மீறி முறுக்கினாலோ, நகர வழியில்லாத இரும்பு வளைகிறது. வளைந்த முகத்தில் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. சிலிக்கான் பேஸ்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். 350 டிகிரியை ஒட்டி அது கைவிட்டுவிடும், போர்ட்டு வாயில் வரும் சூடு அதற்கும் மேலே.

லீக்கைத் தேடும் நேரத்திலும் தவறு செய்கிறோம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டதாக ஓட்டுநர் எழுதுகிறார். வண்டி ஷெட்டுக்கு வருவது மாலையில், என்ஜின் கொதிக்கக் கொதிக்க. அதற்குள் இரும்பு விரிந்து இடைவெளி அடைபட்டிருக்கும். மெக்கானிக் காதுக்கு ஒன்றும் எட்டாது. ‘பார்த்தாயிற்று, சரியாக உள்ளது’ என்று கையெழுத்தாகிறது. இருவர் சொல்வதும் உண்மைதான், பார்த்த நேரம்தான் வேறு. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று நிமிடங்களில், ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதருகே வைத்து மறுமுனையை ஒவ்வொரு போர்ட்டாக நகர்த்தினால், டேப்பட் சத்தம் எது, புகைச் சத்தம் எது என்று பிரிந்துவிடும். ஜாயின்ட்டை ஒட்டி விசிறிபோல் படிந்த கரிக்கோடும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஐயம் இருந்தால் நின்ற என்ஜினில் சைலன்சர் வால் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை விட்டு, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்ததில் மேனிஃபோல்டு முகம் நேராக இருந்தும் லீக் திரும்பினால் பார்வை வண்டிக்கு அடியில் போக வேண்டும். என்ஜின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்து, சைலன்சர் தொங்கல் அறுந்து, பெல்லோஸும் விறைத்துப்போன வண்டியில், மொத்தப் பைப்பின் எடையையும் ஃபிளாஞ்சு சுமக்கிறது. ஃபிளாஞ்சு போல்ட்டைத் தளர்த்தியதும் பைப் கீழே இறங்கினாலோ பக்கவாட்டில் துள்ளினாலோ அதுவே சாட்சி. அதை மறுபடி கடப்பாரையால் நெம்பிப் பொருத்தினால், அடுத்த விரிசலுக்கு நாமே நாள் குறிக்கிறோம்.

விடிவதற்குள் வண்டி வழித்தடத்தில் நிற்க வேண்டும், வளைந்த முகத்தை மட்டமாக்க, அதாவது ஃபேசிங் செய்ய, லேத் பட்டறைக்கு அனுப்ப நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஒரே மாடல் வண்டிகள் பல ஓடும் டிப்போவில், ஃபேசிங் செய்த மேனிஃபோல்டு ஒன்று எப்போதும் அலமாரியில் இருந்தால் கேள்வி அத்துடன் தீர்ந்தது: கழற்றியது பட்டறைக்குப் போகும், தயாராக இருப்பது வண்டியில் ஏறும். எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே பிடிப்பில் ஃபேஸ் செய்ய வேண்டும். கிரைண்டரால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பது ஃபேசிங் ஆகாது. மாற்று மேனிஃபோல்டு இல்லாத இரவில் வெறும் பேக்கிங்கை மாற்றி அனுப்புவதில் குற்றமில்லை. அதைத் தற்காலிகம் என்று எழுதி வைக்காததுதான் குற்றம்.

இன்னொரு வாதம் அவ்வளவு நியாயமானதல்ல: கழிக்கப்போகும் வண்டிதானே, டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடும் குறைவு, கொஞ்சம் சத்தம் வந்தால் என்ன? நம் ஊர்ப் பழைய பேருந்துகளில் என்ஜின் ஓட்டுநரின் பக்கத்திலேயே இருக்கிறது. மேனிஃபோல்டில் கசிவது பானெட் இடுக்கு வழியாகவும் கியர் ராடு ரப்பர் வழியாகவும் நேரே அவர் மூக்குக்கு வருகிறது. டீசல் என்ஜின் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் முதல் பிரிவிலேயே வகைப்படுத்திவிட்டது. நாள் முழுவதும் அந்த இருக்கையில் இருப்பவருக்கு வண்டியின் வயது ஒரு பொருட்டல்ல. மலைப்பாதையில் நிலைமை இன்னும் மோசம். எக்சாஸ்ட் பிரேக் வேலை செய்வதே புகையை அடைத்து எதிர் அழுத்தம் ஏற்றுவதால்தான். மேனிஃபோல்டில் ஓட்டை இருந்தால் அந்த அழுத்தம் அங்கே இறங்கிவிடும், சுமை முழுவதும் வீல் பிரேக்கின் மேல் விழும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. டர்போ வண்டியில் டர்போவுக்கு முன்னால் லீக் இருந்தால் பூஸ்ட் குறைந்து, இழுவை போய், கரும்புகை வரும். பம்ப்பில்தான் கோளாறு என்று அதைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்புவதை எத்தனையோ ஷெட்டுகளில் காணலாம். டீசல் பைப்பின் மேலும் ஒயரிங்கின் மேலும் சூடான புகை பீய்ச்சினால் தீ விபத்துக்கும் அதுவே வழி.

ஆகவே பணிமனைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். புகை லீக் வேலைக்கான சீட்டில் மூன்று கட்டங்களைச் சேருங்கள்: குளிர்ந்த என்ஜினில் பார்த்த நேரம், ஒவ்வொரு போர்ட்டிலும் ஃபீலர் கேஜ் காட்டிய அளவு, மவுண்டிங், தொங்கல், பெல்லோஸ் ஆகியவற்றின் நிலை. அந்த மூன்றும் நிரம்பாத சீட்டுக்கு ஸ்டோரில் புதிய பேக்கிங் கொடுக்காதீர்கள்.