செத்துப்போன தலைவி

‘அனாரெஸ்ல தலைவரே கிடையாது, தெரியுமா?’ உர்சுலா லெ குவினின் ‘தி டிஸ்பொசஸ்ட்’ நாவலை முடித்த கையோடு யாராவது இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது மறுக்கிறேன். அனாரெஸுக்குத் தலைவி உண்டு. பெயர் ஓடோ. என்ன, அவள் செத்து ரொம்ப காலமாகிவிட்டது. உயிரோடு இருக்கும் தலைவரிடம் சண்டையாவது போடலாம். செத்துப்போனவரிடம்?

அங்கே பிள்ளைகள் கேட்டு வளரும் கதை இது: உர்ராஸ் கிரகத்தில் கிளர்ச்சி செய்த ஓடோவின் வழிவந்தவர்கள், சொத்தும் அரசும் வேண்டாமென்று உதறிவிட்டு வறண்ட நிலவுக்குப் போய்ப் புதுவாழ்வு கண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மீதிக் கதையும் நாவலிலேயே இருக்கிறது. அந்த நிலவைக் கொடுத்ததே உர்ராஸின் அரசுகள்தான், தொல்லை விட்டால் போதும் என்று. அனாரெஸின் கனிமங்கள் இன்னமும் உர்ராஸுக்குக் கப்பலேறுகின்றன. ஓடோ அந்த மண்ணில் கால் வைத்ததே இல்லை.

இந்த மீதியைப் பேசாமல் விட்டால் என்ன ஆகும்? டிரின் கேலியாக ஒரு நாடகம் போடுகிறான். அங்கே சட்டம் இல்லை, போலீஸ் இல்லை. ஆனாலும் அவன் மனநல விடுதியில் போய் முடிகிறான். சாபுலுக்குப் பதவி என்று ஒன்றும் கிடையாது. எந்த ஆய்வு அச்சேறும் என்பது மட்டும் அவன் கையில். உர்ராஸோடு பேச நினைக்கும் ஷெவெக் துரோகியாகிறான். அவன் கிளம்பும் நாளில் துறைமுகத்தில் கல் பறக்கிறது, ஓர் உயிர் போகிறது. எறிந்தவர்களுக்கு உத்தரவு போட்டவர் யாருமில்லை. தொடக்கக் கதையைக் காப்பாற்றுவதாகத்தான் அவர்கள் நம்பியிருப்பார்கள்.

‘அப்போ தலைவர் இல்லாத சமூகம் சாத்தியமே இல்லைங்கிறீங்களா?’ அவசரப்படாதீர்கள். அரசு இருக்கிற உர்ராஸில் ஊர்வலம் போனவர்கள் மீது ஹெலிகாப்டரிலிருந்து சுடுகிறார்கள். என் சண்டை அனாரெஸோடு அல்ல, அதைக் கோயிலாக்கும் வாசிப்போடு. லெ குவின் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அதே 1974இல் வந்த ‘தி டே பிஃபோர் த ரெவல்யூஷன்’ சிறுகதையில் ஓடோவையே கொண்டுவந்து நிறுத்தினார்: பக்கவாதத்தில் தளர்ந்த 72 வயதுக் கிழவி. தன்னைச் சிலையாக்கும் இளைஞர்களைப் பார்த்து எரிச்சல்படுகிறாள்.

நாமும் நாலு பேர் சேர்ந்து ‘இங்கே தலைமை கிடையாது’ என்று வாசிப்பு வட்டம் ஆரம்பிக்கிறோம். ஆறாவது மாதம் புதிதாக வந்த பெண் ஒரு கேள்வி கேட்பாள். ‘ஆரம்பிச்சப்ப நாம இப்படிப் பேசலியே’ என்று பதில் வரும். அதற்குப் பிறகு அவள் வரமாட்டாள். யாரும் அவளை வெளியேற்றவில்லை என்று நாம் சத்தியம்கூடச் செய்வோம்.

அடுத்த முறை அந்த வாக்கியம் காதில் விழுந்தால், உடனே கேளுங்கள்: ‘அப்ப பேசலைன்னா, இப்ப பேசுவோமா?’