குழந்தை அரை ஆள் அல்ல!

குடல் அழன்று புண்ணாகும் குரோன்ஸ் நோய் குழந்தைகளையும் பீடிக்கிறது. வயிற்றுவலி, ஓயாத பேதி, மெலிவு. இவற்றோடு குழந்தைக்கு இன்னொரு கேடும் உண்டு, வளர்ச்சி குன்றுகிறது. வளர வேண்டிய வயது போனால் திரும்பாது.

இந்நோய்க்கு இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை அமெரிக்க சர்க்கார் 1998ல் பெரியவர்களுக்கு அனுமதித்தது. குழந்தைகளுக்கு? 2006ல்! அடலிமுமாப் என்ற மருந்து பெரியவர்களுக்கு 2007ல், குழந்தைகளுக்கு 2014ல். நோய் அதுவரை காத்திருக்குமா? வேறு வழியின்றி வைத்தியர்கள் பெரியவர்களின் அளவைப் பார்த்துக் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள்.

வயலில் சிறுவனை அரை ஆள் என்று கணக்கிட்டு அரைக்கூலி கொடுத்தார்களே, அந்தக் கணக்கு மருந்துக்குச் செல்லாது. சிறு குழந்தையின் உடல் இம்மருந்தை வேகமாகக் கழித்துவிடுவதால், எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படுவதுண்டு.

"குழந்தைகளைச் சோதனைப் பிராணிகளாக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த கேள்விதான். ஆனால் சோதிக்காத மருந்தைக் கொடுப்பதும் சோதனையே. கணக்கு எழுதாத சோதனை! அடுத்த குழந்தைக்கு அதனால் பாடம் எதுவும் கிடைப்பதில்லை.

முறையான ஆய்வு என்ன செய்யும்? இன்ஃப்ளிக்ஸிமாபைச் சோதித்த 'ரீச்' ஆய்வில் 112 குழந்தைகள் சேர்ந்தனர். அனைவருக்கும் மருந்து தரப்பட்டது. 10 வாரத்தில் 100க்கு 88 பேர் பலன் கண்டனர். அவர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 8 வாரத்துக்கு ஒருமுறையும், மறு பகுதிக்கு 12 வாரத்துக்கு ஒருமுறையும் மருந்து ஏற்றினர். 54ம் வாரத்தில் முதல் பகுதியில் 100க்கு சுமார் 56 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. மறு பகுதியில் சுமார் 24 பேருக்கே. 4 வார இடைவெளி செய்த வேலை இது! இதைக் குத்துமதிப்பாக அறிய முடியுமா?

பின் ஏன் தாமதம்? பெரியவர்களின் சந்தை பெரிது. குழந்தைகளின் சந்தை சிறிது. குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினால் 6 மாதம் கூடுதல் ஏகபோக உரிமை என்று 1997ல் அமெரிக்கச் சட்டம் கம்பெனிகளுக்கு ஆசை காட்டியது. ஆய்வைக் கட்டாயமாக்கும் சட்டம் 2003ல்தான் வந்தது. அதன் பிறகும் அடலிமுமாபுக்கு 7 ஆண்டு பிடித்தது.

நோயுற்ற குழந்தைகள் குறைவு, ஆய்வுக்குச் சேர்ப்பது கடினம் என்பது மெய். அப்படியானால் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் கைகோக்கட்டும். பெரியவர்களிடம் பலனும் பத்திரமும் தெரிந்தவுடன் குழந்தைகளுக்கான ஆய்வு தொடங்கட்டும். பலனுள்ள மருந்து கையிலிருக்க, வெறும் மருந்தைக் கொடுத்து எந்தக் குழந்தையையும் வாட விடக்கூடாது. முடிவு சாதகமோ பாதகமோ, முழுதும் வெளியாக வேண்டும்.

கம்பெனியின் லாபக் கணக்குக்காகக் குழந்தையின் வளர்ச்சி காத்திராது!