‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்!’

நம்ம ஊர் ஹோட்டல்கள்ல ஒரே ஒரு வாக்கியத்தைத் தடை பண்ணலாம்னு எனக்கு அதிகாரம் கொடுத்தா, மேலே தலைப்புல இருக்கறதைத்தான் தடை பண்ணுவேன்.

என் அக்கா பொண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது. ‘ஆகாது’ன்னா வாய்வு, ஏப்பம் கதையெல்லாம் இல்லீங்க. மூணு வயசுல ஒரு துண்டு கடலைமிட்டாய் சாப்பிட்டு, உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுத்து, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில. இப்ப அவளுக்கு ஒன்பது வயசு. வெளியில சாப்பிடப் போனா அக்கா முதல்ல கேக்கறது விலையை இல்லை, சட்னியில என்ன போட்டிருக்காங்கன்னுதான்.

சித்தப்பா பையன் கேட்டரிங் படிக்கிறான். பரீட்சைக்கு முன்னாடி அவன் நோட்டைப் புரட்டினேன். மெனு வகைகளுக்கு எட்டு பக்கம். ஆ லா கார்ட், டேபிள் டோட், பிளா து ஜூர்னு வாய்ல நுழையாத பிரெஞ்சுப் பேரெல்லாம் அழகா அடிக்கோடு போட்டு வச்சிருக்கான். உணவு ஒவ்வாமைக்கு அரைப் பக்கம். அதுவும் வெறும் பட்டியல்.

என் கட்சி இதுதான்: இது ரெண்டும் ரெண்டு பாடமே இல்லை, ஒரே பாடம். ஒவ்வொரு மெனுவுக்கும் ஆபத்து ஒவ்வொரு இடத்துல ஒளிஞ்சிருக்கு. அது எங்கேன்னு தெரியாம பிரெஞ்சுப் பேரை மட்டும் ஒப்பிச்சு என்ன பிரயோஜனம்?

வரிசையா பார்ப்போமா?

ஆ லா கார்ட்: கார்டைப் பார்த்து தனித்தனியா ஆர்டர் பண்றது, தனித்தனி விலை. நம்ம டிபன் அயிட்டமெல்லாம் இதுல வரும். சொன்ன பிறகு செய்யறதால ‘முந்திரி வேணாம், பொடி வேணாம்’னு சொல்லலாம். ஆனா தோசைதான் அப்ப ஊத்தறது. சட்னி, சாம்பார், குருமாவுக்கு அரைச்ச விழுதெல்லாம் காலையிலயே முடிஞ்சுபோன விஷயம். எதை மாத்த முடியும், எதை மாத்த முடியாதுங்கற வித்தியாசம் சர்வருக்குத் தெரியணும். பொங்கல்ல இருந்து முந்திரியைப் பொறுக்கி எடுத்துட்டா அது முந்திரி இல்லாத பொங்கல் ஆயிடாது.

டேபிள் டோட்: ஒரே விலை, அவங்க வச்சதுதான் சாப்பாடு. நம்ம முழுச் சாப்பாடு. பதினோரு மணிக்கே எல்லாம் அண்டாவுல ரெடி. இதுல எதையும் எடுத்துட்டுத் தர முடியாது, அந்த அயிட்டத்தையே வேணாம்னு சொல்லலாம், அவ்வளவுதான். அப்ப ஒவ்வொரு வாளியிலயும் என்ன இருக்குன்னு பரிமாறுறவருக்குத் தெரிஞ்சிருக்கணுமா இல்லையா? கூட்டு கரண்டி பொரியலுக்குப் போறது வேற தனிக் கதை.

இன்றைய ஸ்பெஷல்: இதுதான் அந்த பிளா து ஜூர். என்னைக் கேட்டா ரொம்ப ஆபத்தானது இதுதான். கார்டுல இருக்காது, வாசல்ல சாக்பீஸ்ல எழுதியிருக்கும். மாஸ்டர் இன்னைக்குப் புதுசா பண்ணியிருப்பார். சர்வருக்கே அதோட பேர் மட்டும்தான் தெரியும்.

சுழற்சி மெனு: ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, ஆபீஸ் கேன்டீன். திங்கக்கிழமை இது, செவ்வாய்க்கிழமை அதுன்னு சுத்தி வரும். சாப்பிடறவங்களும் அதே ஆளுங்க. ஒருதடவை சரியா விசாரிச்சு வச்சுட்டா பிரச்சினையே இல்லை. ஆனா ஒரு சாமான் கிடைக்கலைன்னு வேற ஒண்ணைப் போட்டு சமாளிக்கிற அன்னைக்கு, சுவத்துல ஒட்டின அட்டவணை மட்டும் மாறவே மாறாது!

இதெல்லாம் புத்தகத்துல இருக்கு. புத்தகத்துல இல்லாத வகை ஒண்ணு நம்மகிட்ட இருக்கு: வாய் மெனு. ‘இட்லி வடை பொங்கல் பூரி கிழங்கு ரவாதோசை ஆனியன் ஊத்தப்பம்’னு மூச்சு விடாம சர்வர் ஒப்பிக்கறது. தமிழ்நாட்டுல பாதிப் பேர் சாப்பிடறது இந்த மெனுவை நம்பித்தான். இங்கே கார்டே அந்த மனுஷன்தான். அவருக்குத் தெரியலைன்னா கார்டுல எழுத்து அழிஞ்ச மாதிரி.

“அதான் சட்டம் இருக்கே”ன்னு கேப்பீங்க. இருக்கு. 2020-ல வந்த இந்திய லேபிளிங் விதிகள் 2022-ல உணவகங்களுக்கு நடைமுறைக்கு வந்துச்சு. மத்திய உரிமம் வச்சிருக்கிற, அல்லது 10 இடங்கள்லயோ அதுக்கு மேலயோ கடை நடத்துற உணவகங்கள் மெனுவிலேயே ஒவ்வாமைப் பொருளைக் காட்டணும். பட்டியல் இது: குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி பாதாம் வகைகளும், சோயா, சல்ஃபைட். மொத்தம் எட்டு.

இதுல எள்ளும் கடுகும் இல்லைங்கறதைக் கவனிச்சீங்களா? பிரிட்டன் பட்டியல்ல மொத்தம் 14. அதுல எள், கடுகு ரெண்டுமே உண்டு. அமெரிக்காவும் 2023 ஜனவரியிலிருந்து எள்ளைச் சேர்த்துடுச்சு. இட்லிப் பொடியில எள்ளு, அதுக்கு மேல நல்லெண்ணெய், எல்லாத்துக்கும் கடுகு தாளிப்புன்னு வாழற நம்ம பட்டியல்ல ரெண்டும் இல்லை! இன்னொண்ணு, கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல பல பிராண்டுல கோதுமை மாவு சேர்ந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்க. கோதுமை ஆகாத ஒருத்தர் ‘சாம்பார்தானே’ன்னு சாப்பிட்டா?

சரி, கார்டுல எழுதிட்டா மட்டும் போதுமா? 2014 ஜனவரியில இங்கிலாந்தோட வடக்கு யார்க்ஷயர்ல ஒருத்தர் இந்திய உணவகத்துல சிக்கன் டிக்கா மசாலா பார்சல் வாங்கினார். கொட்டை வகை எதுவும் கூடாதுன்னு தெளிவா சொல்லியிருந்தார். பார்சல் மூடியிலயும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனா கடைக்காரர் செலவைக் குறைக்க பாதாம் பொடிக்குப் பதிலா வேர்க்கடலை கலந்த பொடியை வாங்க ஆரம்பிச்சிருந்தார். சாப்பிட்டவர் செத்துப்போனார். 2016-ல அந்த உரிமையாளருக்கு ஆறு வருஷம் சிறை. எழுத்து சரியாத்தான் இருந்தது, சட்டிக்குள்ள இருந்தது வேற. முந்திரி விலை ஏறினா குருமாவுல வேர்க்கடலை அரைச்சு விடற சமாளிப்பு நமக்கும் ஒண்ணும் புதுசில்லையே?

அதனாலதான் சொல்றேன், பயிற்சிக்கு வர்ற பசங்களுக்கு எட்டோ பதினாலோ மனப்பாடம் பண்ணவைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பதிலைச் சொல்லிக் கொடுங்க: “எனக்குத் தெரியலை சார், உள்ள கேட்டுட்டு வர்றேன்.”

போன வருஷம் ஒரு ஊர்ல அக்கா குடும்பத்தோட ஹோட்டலுக்குப் போனோம். அக்கா வழக்கம்போல சட்னியைப் பத்திக் கேட்டா. பெரிய சர்வர் யோசிக்காம “கடலையெல்லாம் போடறதில்லம்மா” அப்படின்னுட்டார். பக்கத்துல புதுசா சேர்ந்த ஒரு பையன், இருபது வயசு இருக்கும். “இருங்கக்கா, மாஸ்டரைக் கேட்டுட்டு வந்துடறேன்”னு ஓடினான். திரும்பி வந்து சொன்னான்: “அக்கா, இன்னைக்குத் தேங்கா பத்தலைன்னு சட்னியில வேர்க்கடலை சேர்த்திருக்காங்க. பாப்பாவுக்குச் சட்னி வேணாம். தோசைக்கு என்ன எண்ணெய்னும் கேட்டேன், சூரியகாந்திதான்.”

அந்தப் பையன் எட்டு பக்க நோட்டு எழுதினானான்னு தெரியாது. பாப்பா பிழைச்சது அவன் நடந்த இருபது அடியில.

வார்த்தைக் குழப்பமும் இருக்கு. ‘கடலை’ன்னா வேர்க்கடலையா, பொட்டுக்கடலையா, கொண்டைக்கடலையா? கேக்கறவர் ஒண்ணு நினைக்க, சொல்றவர் ஒண்ணு நினைக்க, நடுவுல குழந்தை. ‘அலர்ஜி’ங்கற வார்த்தையையும் நாம தேய்ச்சுட்டோம். கத்தரிக்கா பிடிக்கலைன்னா அலர்ஜி, மேனேஜர் மூஞ்சியைப் பார்த்தா அலர்ஜி :-) பாவம், நெஜமான அலர்ஜியை சர்வர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதனால கேக்கற நாமளும் ‘வேர்க்கடலை பட்டா மூச்சு நின்னுடும்’னு உடைச்சுச் சொல்லணும். பரிமாற வர்றவர் வெளி மாநிலப் பையனா இருந்தா போன்ல படத்தைக் காட்டியாவது புரியவைக்கணும்.

“நம்ம ஹோட்டல்ல இதெல்லாம் நடக்கற காரியமா”ன்னு சலிச்சுக்கறவங்களுக்கு ஒரு கேள்வி. சைவ ஹோட்டல்ல போய் “கேக்ல முட்டை இருக்கா”ன்னு கேட்டுப் பாருங்க. டக்குனு பதில் வரும். சைவமும் அசைவமும் இருக்கற கடையில தனிக் கரண்டி, தனி எண்ணெய், தனிச் சட்டி. கொஞ்சம் பட்டாலும் போச்சுங்கற விஷயம் நமக்குப் புரியாததே இல்லை, தலைமுறை தலைமுறையா பழகினதுதான். அதே கவனத்தை ஒரு குழந்தையோட உயிருக்கும் கொடுங்கன்னுதான் கேக்கறேன். பயிற்சி கொடுக்கறவங்க இந்த உதாரணத்தைச் சொன்னாலே பசங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல விளங்கிடும்.

செலவும் பெருசா இல்லை. தினம் காலையில மாஸ்டர் அடுப்படிப் பலகையில இன்னைக்கு எதுல வேர்க்கடலை, எதுல முந்திரி, எதுல எள்ளு, என்ன எண்ணெய்னு நாலு வரி எழுதிப் போட்டா போதும். சாமான் மாறினா பலகையும் மாறணும். ‘இருக்குன்னு சொன்னா வியாபாரம் போயிடும்’னு முதலாளிங்க பயப்படறாங்க. எங்க அக்கா இப்ப அந்த ஊர் வழியா எப்பப் போனாலும் அந்த ஒரு கடையிலதான் சாப்பிடறா.

கடைசியா, பசங்களுக்கு இதையும் சொல்லிக் கொடுத்துடுங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவருக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்தா தண்ணி கொடுத்து உக்கார வச்சு வேடிக்கை பார்க்கக் கூடாது. உடனே 108. கையில அட்ரினலின் ஊசி வச்சிருந்தா தாமதிக்காமப் போடவிடணும். எழுப்பி நடக்கவைக்கக் கூடாது. மில்லைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம், பில்லையும்தான் :-)

உங்க வீட்டுலயும் இப்படி யாராவது இருந்தா, வெளியில சாப்பிடும்போது எப்படிச் சமாளிக்கறீங்கன்னு எழுதுங்க மக்களே. கேட்டரிங் சொல்லிக் கொடுக்கற நண்பர்கள் யாராவது படிச்சா, அந்த அரைப் பக்கத்தை என்ன பண்ணப் போறீங்கன்னும் சொல்லுங்க.